தர விரல்

சராசரி ஆள் என்று வாழ்நாளெல்லாம் பெயர் வாங்கிய ஒருவரை, அந்த ஒரே காரணத்துக்காக ஒரு கம்பெனி தனி நாற்காலி போட்டு உட்கார வைத்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நடந்ததைச் சொல்வதற்கு அவர்களுடைய அனுமதி தேவையில்லை.

பள்ளிக்கூடத்தில் அவர் நடு பெஞ்சு. வகுப்புப் புகைப்படத்தில் நடு வரிசை. செருப்புக் கடையில் அவருடைய அளவு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் கடைக்காரர் எழுந்திருக்கக்கூட மாட்டார். கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டார் யோசித்துப் பார்த்துவிட்டு, "குறை சொல்ல ஒண்ணுமில்லை" என்றார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டார். பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று என்பார்களே, அந்த 'இது' அவர்தான்.

அவர் வேலை பார்த்தது ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்கிற கம்பெனியில். கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் எது எங்கே நிற்க வேண்டும், எதைச் செய்தால் எது நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற அடிப்படை ஏற்பாடு அது. அதில் அவர் மவுஸ் பிரிவு. மவுஸை நகர்த்தினால் திரையில் அம்புக்குறி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்தது. நகர்ந்தது என்று மேலிடத்துக்குத் தெரிவிப்பார். மேலிடம் பதில் போட்டதில்லை.

பிறகு ஒரு நாள் கம்பெனியின் இயக்குநரம்மா எல்லோரையும் கூட்டி வைத்து, இனிமேல் வரப்போகிற சிஸ்டம் முழுக்க முழுக்க விரலால் தொட்டு இயக்குவது, மவுஸுக்கு அதில் வேலை இல்லை என்று அறிவித்தார். மவுஸ் பிரிவில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் அன்றைக்கே மேஜையைக் காலி செய்யத் தொடங்கினார்கள். இவர் காலி செய்யவில்லை. மேஜையில் எதுவும் இல்லை.

புதிய சிஸ்டத்துக்குத் தலைமை வடிவமைப்பாளர் இவருடைய மனைவியின் அண்ணன். வீட்டில் மச்சான், ஆபீசில் சார். இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், லிஃப்டில் அவரைப் பார்த்தால் இவர் எதுவும் சொல்லாமல் இருமுவார். மச்சானும் பதிலுக்கு இருமுவார்.

வேலை தொடங்கிய வாரம் மச்சான் ஒரு கண்ணாடித் தகடு கொண்டுவந்து வைத்து, ஆபீசில் இருந்த எல்லோரையும் வலது கை ஆள்காட்டி விரலால் அதை அழுத்தச் சொன்னார். பதிந்த தடங்களின் அகலத்தை எல்லாம் கூட்டி, ஆள் கணக்கால் வகுத்தார்கள். ஒரு எண் வந்தது. அந்த எண்ணுக்கு மயிரிழைகூட மாறாமல் ஒரே ஒரு தடம் பொருந்தியது. அது இவருடைய விரல்.

"சராசரியைக் கணக்குப் போட்டுச் சுவத்துல ஒட்டி வைக்கணுமா என்ன? சராசரி இங்கேயே நடமாடிக்கிட்டு இருக்கு" என்றார் மச்சான்.

அன்றிலிருந்து அவர் தர விரல், தரத்துக்கே அளவுகோல்; உட்காரத் தனி நாற்காலியும் வந்தது. சட்டம் ரொம்ப எளிமையானது. திரையில் எந்தப் பட்டன் வைத்தாலும், எந்தக் கட்டம் வைத்தாலும், இவர் வந்து தொடுவார். தொட்டது பட்டால் அளவு சரி. படாவிட்டால் பட்டன் தப்பு, விரல் தப்பில்லை. இந்தக் கடைசி வரியை மச்சானே எழுதி, அச்சடித்து, பரிசோதனை அறையில் மாட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பிறகு வரப்போகிற கதை.

மச்சானுக்கு அந்த சிஸ்டம் ஒரு கனவு. திரையைத் திறந்தால் மூலையில் பட்டன் கிடையாது, மெனு கிடையாது, மூடுவதற்குப் பெருக்கல் குறி கிடையாது. சின்னச் சின்னக் கட்டங்கள் மட்டும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு ஆப் உயிரோடு இருக்கும். வெளியே மழை வந்தால் வானிலைக் கட்டத்துக்குள்ளும் தூறும். இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் கொஞ்ச நேரம் முன்பு பார்த்தது திரும்பி வரும். வலது ஓரத்திலிருந்து இழுத்தால் பொடிப்பொடி ஐகான்களோடு ஒரு பட்டை எட்டிப் பார்க்கும். மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் ஆப் செத்துப்போகும். இதெல்லாம் திரையில் எங்கேயும் எழுதியிருக்காது.

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்பார் மச்சான்.

"தெரியாதவங்களுக்கு சார்?" என்று புரோகிராம் எழுதுகிற பெண் கேட்பாள். ஒரு புள்ளி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தாலும் சாப்பாட்டுக்குப் போகாமல் அதோடு மல்லுக்கு நிற்பதால் ஆபீசில் அவளுக்கு பிக்சல் என்று பெயர்.

"தெரிஞ்சுக்குவாங்க."

தினமும் பிக்சல் புதுத் திரையோடு வருவாள். "விரல் சார், இதைக் கொஞ்சம் தொடுங்க" என்பாள். இவர் நாற்காலியை விட்டு எழுந்து, விரலைச் சட்டையில் ஒரு முறை துடைத்து, மூச்சை விட்டு, தொடுவார். "பட்டுச்சு" என்று அவள் எழுதிக்கொள்வாள். அதோடு அந்தப் பட்டனின் தலையெழுத்து முடிவாகிவிடும். எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு ஊரில் வருஷக்கணக்காகத் தொடப்போகிற பட்டன் அது. அதை நினைக்கும்போது இவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

அவர் இல்லாவிட்டால் நின்றுபோகிற காரியம் என்று உலகத்தில் அதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை. இப்போது இரண்டு இருந்தன. ஒன்று ஆபீசில். இன்னொன்று வீட்டில்.

வீட்டில் இருந்தது, பரிசோதனைக்காகக் கம்பெனி கொடுத்த டேப்லெட். மகள் வேலை கிடைத்து வெகுதூரம் போய்விட்டாள். அந்த டேப்லெட்டில்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் திரையின் அடியில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம் வரும். மச்சானின் கைவண்ணம், இரண்டும் துவரம்பருப்பு அளவு. மனைவிக்கு வேலை பேக்கரியில். விடிவதற்கு முன்னால் போய் மாவு பிசைந்து, ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்து இழுத்து, விரல்கள் தடித்து முனை காய்த்துப் போயிருந்தன. அவள் பச்சையைத் தொட்டால் சிவப்பு அமுங்கும். ஒவ்வொரு தடவையும் மகள் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி ஆகிவிடும். மகள் திரும்பக் கூப்பிடுவாள். அவள் திரும்பச் சாத்துவாள்.

"எங்க அண்ணன் இதை எறும்புக்காகவா செஞ்சாரு?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"பட்டன் சரியாத்தான் இருக்கு. நான்தானே தொட்டுப் பார்த்தேன். உன் விரல்தான் அளவுக்கு மீறினது."

"என் விரல் மாவு பிசையற விரலுங்க. ரொட்டி இன்னிவரைக்கும் குறை சொன்னதில்லை."

சொன்னாளே தவிர, அதற்குப் பிறகு அவள் டேப்லெட்டைத் தொடுவதை விட்டுவிட்டாள். மணியடித்தால் "என்னங்க" என்று கூப்பிடுவாள். இவர் வந்து பச்சையைத் தொடுவார். தொட்டுவிட்டு, டேப்லெட்டைக் கையில் பிடித்தபடி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தூங்கினியா, தூங்கினேன். வேலை எப்படி, பரவாயில்லை. வைக்கட்டுமா, வைங்க. மகள் தன்னைப் போலவே அளவாகப் பேசுகிறவள் என்பதில் இவருக்கு உள்ளூரப் பெருமை.

விரலை அவர் கண் போலப் பார்த்துக்கொண்டார். கத்தி எடுக்கமாட்டார், சுத்தியல் எடுக்கமாட்டார், வீட்டில் குழாய் ஒழுகினால் தள்ளி நின்று யோசனை சொல்வார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இயக்குநரம்மா பரிசோதனை அறையைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. இவர் விரலைப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் இம்மித் தோல் ஒன்று எழும்பி நின்றது. இயக்குநரம்மா கண்ணில் பட்டால் நன்றாக இருக்காதே என்று சின்னக் கத்தரிக்கோல் எடுத்து அதை வெட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி.

இயக்குநரம்மா வந்தார், சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் படித்தார், விரலைப் பார்க்காமலே போய்விட்டார். விரல் மட்டும் அவர் போனதும் சிவக்கத் தொடங்கியது. பிறகு வீங்கியது. பிறகு விண் விண்ணென்று தெறித்தது. நகச்சுற்று.

மனைவி விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்பாங்க. உங்களுக்கு வீக்கத்துக்குத் தகுந்த விரல் இல்லையே" என்றாள். ஒரு எலுமிச்சம்பழத்தைத் துளை போட்டு விரலில் செருகிவிட்டாள். "ஆறற வரைக்கும் லீவு போடுங்க."

"லீவு போட்டா?"

"போட்டா என்ன? ஆபீஸ் ஓடாதா?"

ஓடும். அதுதான் பயம். பிக்சலுடைய விரல் சராசரிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த விரல். அவள் தானே போட்டு, தானே தொட்டு, 'பட்டுச்சு' என்று தானே எழுதிக்கொண்டால் காரியம் இன்னும் சீக்கிரம் முடியும். அப்படி முடிவதை எல்லோரும் பார்த்துவிட்டால் அப்புறம் நாற்காலி எதற்கு, விரல் சார் எதற்கு? எலுமிச்சம்பழத்தைக் கழற்றி வைத்துவிட்டு இவர் ஆபீசுக்குக் கிளம்பினார்.

கட்டுப் போட்டுக்கொண்டு போகவும் வழியில்லை. கட்டுப் போட்ட விரலைத் திரை விரலாகவே மதிக்காது; துணியால் தொட்டால் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருக்கும். ஆகவே வெறும் விரலைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடும்போது மட்டும் வெளியே எடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைந்தது. கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பார்கள்; அந்த அறையில் எல்லோரும் கண்ணாடித் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் கைப்புண் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"விரல் சார், படலையே" என்றாள் பிக்சல்.

"படலையா?"

"பக்கத்துல இருக்கறது திறக்குது."

இவர் மறுபடி தொட்டார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பக்கத்தில் இருந்ததும் அதற்குப் பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து திறந்தன.

பிக்சல் திரையைச் சந்தேகப்பட்டாள். புரோகிராமைச் சந்தேகப்பட்டாள். தான் பிறந்த வேளையைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள். விரல் தப்பில்லை என்று அச்சடித்தே போட்டிருக்கிறது. பட்டனைப் பெரிதாக்கினாள். அது அவள் சுபாவத்துக்கே விரோதமான காரியம்.

ஒரு பட்டனைப் பெரிதாக்கினால் அது அதோடு நிற்காது. பக்கத்துப் பட்டன் தள்ளிப்போக வேண்டும். தள்ளிப்போக இடம் இருக்காது. அப்புறம் ஒன்றைத் தூக்க வேண்டும். வலது ஓரத்துப் பட்டையில் இருந்த பொடி ஐகான்களில் பாதி போயின. கட்டங்கள் கைக்குட்டை அளவுக்கு வளர்ந்தன. வானிலைக் கட்டத்துக்குள் பெய்த மழை பெரிய மழையாயிற்று. திரையில் வருகிற கீபோர்டில் எழுத்துகள் பருத்து, எண்களுக்கு இடமில்லாமல் அவை வேறு பக்கத்துக்குக் குடிபோயின. ஓரத்திலிருந்து இழுப்பதற்கு இவர் விரலை எங்கே வைத்தாலும் வலித்ததால் இழுக்கவே வரவில்லை. எனவே இழுப்பதற்குப் பதில் 'பின்னால் போ' என்று எழுதி ஒரு பட்டன் வைத்தார்கள். மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி வந்தது. மச்சான் வாழ்நாளில் எதையெல்லாம் வேண்டாம் என்று ஒழித்தாரோ அதெல்லாம் ஒவ்வொன்றாகப் படியேறி வந்து திரையில் உட்கார்ந்தது.

மச்சான் ஒரு தடவை எதிர்த்துப் பார்த்தார். "இவ்வளவு பெருசா? இது பட்டனா, பாயா?"

"விரல் படலை சார்" என்றாள் பிக்சல், சட்டத்தைக் காட்டி.

தான் போட்ட சட்டம். என்ன பேச முடியும்? அன்று கேன்டீனில் இவர் எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே, ஆபீஸ் என்பதையும் மறந்து, "மாப்ளே, மனசே சரியில்லை. ஒவ்வொரு ஐகானும் புள்ளை மாதிரி வளர்த்தேன்" என்றார்.

இவர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். வலது கை பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கை வரவில்லை. "எல்லாம் சரியாயிடும் சார்" என்றார். மச்சானை ஏமாற்றுகிறோம் என்று நன்றாகத் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாற்காலி போய்விடும் என்ற பயம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் லேசாகக் கீறிவிட்டார். சீழ் வெளியேறியதும் வலி போன இடம் தெரியவில்லை. தோல் உரிந்து, வீக்கம் வடிந்து, விரல் பழைய விரலாயிற்று.

ஆனால் அதற்குள் திரை பழைய திரையாக இல்லை. இனி இவர் தொட்டால் என்ன ஆகும் என்று பயந்துகொண்டே போனார். ஒன்றும் ஆகவில்லை. யானை போகிற வாசலில் ஆடு போனால் யார் கவனிக்கப்போகிறார்கள்? "பட்டுச்சு" என்று எழுதிக்கொண்டாள் பிக்சல். எல்லாம் பட்டது. நழுவவே வழியில்லை. இவர் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

வெளியிடுவதற்கு முன்னால், ஆபீசுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களைக் கூப்பிட்டுத் தொடச் சொல்ல வேண்டும் என்றார் இயக்குநரம்மா. மச்சானுக்கு ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் யாரையும் தெரியாது. தங்கையிடம் சொன்னார். அவள் பேக்கரியிலிருந்து நாலு பெண்களையும், மாவு மூட்டை இறக்குகிறவரையும், வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்து வந்து பழக்கமாகிவிட்ட பிளம்பரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் சோபா நுனியில் உட்கார்ந்து, உடைந்தால் யார் பொறுப்பு என்று விசாரித்தார்கள்.

முதலில் மூட்டை இறக்குகிறவர். அவருடைய விரல் ஒவ்வொன்றும் வாழைப்பூ மடல் மாதிரி. 'படம்' என்று இருந்த கட்டத்தைத் தொட்டார், படம் வந்தது. 'பின்னால் போ' என்றதைத் தொட்டார், பின்னால் போனது. திரையை விட்டுவிட்டுத் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"என் மருமகன் போனைத் தொட்டா ஏதாவது அழிஞ்சு போயிடும், அதனால என்கிட்டே தரமாட்டான். இது பரவாயில்லையே, நான் சொன்ன பேச்சு கேக்குதே" என்றார்.

பிளம்பர் தொட்டார், பட்டது. பேக்கரிப் பெண்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு தொட்டார்கள், பட்டது. இவருடைய மனைவி கடைசியாக வந்தாள். பச்சையைத் தொட்டாள், பச்சைதான் அமுங்கியது. சந்தேகப்பட்டு மறுபடி தொட்டாள். பிறகு வேண்டுமென்றே ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுக்கொண்டே போனாள். அவள் முகத்தை அப்படி இவர் வெகு காலமாகப் பார்த்ததில்லை.

இயக்குநரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தவர்களின் விரலையெல்லாம் அந்தப் பழைய கண்ணாடித் தகட்டில் பதியவைத்து, கூட்டி வகுக்கச் சொன்னார். ஒரு எண் வந்தது. ஆபீஸ் சராசரியைவிட அது எவ்வளவோ பெரிது.

"நம்ம ஆபீஸ் ஆளுங்களை மட்டும்தானே அப்போ அளந்தோம்" என்றாள் பிக்சல் மெதுவாக. நாள் முழுக்க கீபோர்டைத் தட்டுவதைத் தவிர வேறு வேலை அறியாத விரல்களின் சராசரி அது என்பது அப்போதுதான் அந்த அறைக்கு உறைத்தது.

"பட்டனெல்லாம் இந்தப் பெரிய எண்ணுக்குத்தான் அச்சாப் பொருந்துது. தர விரலும் ஒரு தடவை வைங்க" என்றார் இயக்குநரம்மா.

இவர் வைத்தார். தடம் பூனைக்குட்டி கால் வைத்த மாதிரி சின்னதாக விழுந்தது.

"இந்த விரலை வச்சா இந்த அளவெல்லாம் வந்தது?" இயக்குநரம்மா மச்சான் பக்கம் திரும்பினார். "பிரமாதம். வெளி ஆளுங்களை மனசுல வச்சு நீங்கதான் பெருசாக்கச் சொல்லியிருக்கீங்க."

மச்சானிடம் எத்தனையோ குறை உண்டு. அழகில்லாத ஒன்றுக்குப் பெயர் வாங்கிக்கொள்கிற குறை மட்டும் கிடையாது. "ஐயோ, நான் இல்லை மேடம். இந்தப் பாயெல்லாம் நான் விரிக்கலை. விரல் படலைன்னாங்க, பெருசாக்கினோம். எல்லாம் அவர் முடிவுதான்" என்று இவரைக் காட்டினார்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். ஒரு பதில் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. 'நான் பொதுமக்களை நினைச்சுத்தான் மேடம் தொட்டேன்.' அவ்வளவு சொன்னால் போதும். நாற்காலி நிரந்தரம், ஒருவேளை பெரிய நாற்காலியாகவும் ஆகலாம். சராசரி ஆள் என்று இனி ஒருத்தரும் சொல்லமுடியாது. எலுமிச்சம்பழத்தைச் செருகிய ஒருத்தியைத் தவிர உண்மை யாருக்கும் தெரியாது. அந்த ஒருத்தி சோபாவில் உட்கார்ந்து, காய்த்த விரல்களை மடிமேல் கோத்து வைத்துக்கொண்டு, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கிற முகமாக அது இல்லை. அவர் எதைச் சொன்னாலும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற முகமாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"நகச்சுத்து மேடம்" என்றார்.

"என்னது?"

"விரல்ல நகச்சுத்து. வீங்கியிருந்தது. சொல்லாம தொட்டேன். தப்பா விழுந்தது எல்லாம் வீக்கத்தாலதான். பட்டன் மேல ஒரு தப்பும் இல்லை."

மச்சான் சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பிக்சல் எழுந்து வெளியே போய்விட்டு, கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ?" என்றார் இயக்குநரம்மா.

"ஆறிடுச்சு மேடம்."

"அடடா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

இயக்குநரம்மா கோபப்படவில்லை. பட்டன்கள் அப்படியே இருக்கட்டும், ஒன்றையும் சின்னதாக்க வேண்டாம் என்றார். ஆனால் இனி தர விரல் என்று ஒருவர் கிடையாது. மாதாமாதம் வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து தொடச் சொல்ல வேண்டும். இவர் மறுபடி மவுஸ் பிரிவுக்குப் போகலாம். டேப்லெட்டில் மவுஸைச் செருகிப் பார்க்கிறவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்வார்கள். நாற்காலியை வரவேற்பறைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் பழைய மேஜைக்குப் போய் மவுஸை நகர்த்தினார். அம்புக்குறி நகர்ந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, "பொய் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் இவர்.

சிஸ்டம் வெளியாகி நன்றாகவே ஓடியது. வெளியீட்டு விழா மேடையில் மச்சான், பெரிய பட்டன் என்பது மனிதனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று பேசினார். பேசப் பேச அவருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. இவர் கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்து கை தட்டினார்.

வீட்டு டேப்லெட்டிலும் புது சிஸ்டம் ஏறியது. அடுத்த முறை மகள் கூப்பிட்டபோது இவர் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மணி கேட்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை முன்னால் நீட்டியபடியே ஓடி வந்தார். "என்னங்க" என்ற குரல் வரவில்லை. அதற்குள் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்து, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மகள் சிரித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. அழுகிறாளா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. யாரோ ஒருவனைப் பற்றிப் பேச்சு. ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது, இவர் கேள்விப்படாத பெயர். ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றில் சேர்ந்துவிட்டாளாம். அதுவும் இவருக்குத் தெரியாது. "ஏன்டி இதையெல்லாம் முன்னாடியே சொல்லலை?" என்றாள் மனைவி. மகள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"அப்பா வெளியிலதான் நிக்கறாரு. கூப்பிடட்டுமா?"

"வேணாம்மா. அப்புறம். நீ கேளு."

இவர் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காயப்போட வேண்டிய துணி பாதி வாளியிலேயே கிடந்தது. பேச்சு நின்றபாடில்லை. தன் மகள் இவ்வளவு பேசுவாள் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.